ஒண்ணும் செய்யாது

ஜூன் 4

பூங்கா மேஸ்திரி அவர்களுக்கு,

உன் குரலை இனி என் காதால் கேட்க மாட்டேன் என்று பதினாறு மாதத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவில் சொன்னவன் நான். அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு போனைத் தூக்காதே. மணி அடித்து ஓயும், நான் எடுக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். பின்பக்கம் நீ நட்ட இரண்டு சப்போட்டா மரமும் கெட்டுப்போய்விட்டன. அடியிலிருந்து என் தோள் உயரம் வரை ஒரே பச்சை. முந்தாநாள் பின்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்தது என்று நீ கேட்க வேண்டியதில்லை. பூட்டுக்கு எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் திட்டி, அப்புறம்தான் திறந்தது.

முப்பத்தொரு வருடம் பெயிண்டராகச் சுவரோடு மல்லுக்கட்டினவன் நான். சுவரில் பச்சை பூத்தால் உள்ளே ஈரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பார்த்தும் பார்க்காமல் விட்டால் முதலில் காரை உதிரும், அப்புறம் செங்கல், அப்புறம் வீடு. மரத்துக்கு மட்டும் வேறு சட்டமா? பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இது பரவற ஜாதி. நாளைக்கு என் எலுமிச்சைக்கு வந்தா நீங்கதான் பொறுப்பு" என்கிறார். அவருக்கு எதைப் பார்த்தாலும் பெருக்கல் வாய்ப்பாடு.

நட்டவன் நீ. என்ன நோய், என்ன மருந்து, அதை மட்டும் எழுது. நலமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் எழுதினால் பாதியிலேயே கிழித்துவிடுவேன்.

உன் அக்காவின் கணவன்


ஜூன் 11

அத்தானுக்கு,

கேட்கக் கூடாது என்றீர்கள், கேட்கவில்லை.

மரத்தில் இருப்பது நோய் இல்லை. பாசி. பொடிப் பாசி. மரத்திலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சாது, பட்டைக்குள் வேர் விடாது. அதற்குத் தேவை கொஞ்சம் ஈரம், கொஞ்சம் வெளிச்சம், உட்கார ஓர் இடம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவன் பேருந்தைத் தின்றுவிடுவானா? அது மாதிரிதான். அது ஒன்றும் செய்யாது.

இங்கே பூங்காவிலும் தினம் இதே கூத்துதான். நடக்க வருகிறவர்களில் பத்துப் பேராவது என்னைப் பிடித்து நிறுத்தி, "மேஸ்திரி, மரமெல்லாம் பூசணம் பிடிச்சிருக்கு, சம்பளம் வாங்கிட்டுத் தூங்கறீங்களா" என்று கேட்கிறார்கள். பொறுக்க முடியாமல் ஒரு பலகை எழுதி வைத்தேன். 'இது பாசி. நோய் அல்ல. சுரண்டாதீர்கள்.' மறுநாள் அந்தப் பலகைக்குப் பக்கத்து மரத்திலேயே எவனோ இரண்டு பேருடைய முதல் எழுத்தைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாசியால் மரம் மெலியாது. ஆனால் மெலிந்த மரத்தில் பாசி தடிப்பாகத் தெரியும். நன்றாக வளர்கிற மரம் பட்டையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வளர்ச்சி நின்றால்தான் பாசிக்கு நிம்மதி. எருவும் தண்ணீரும் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அடி மரத்தில் ஈரம் தங்கியிருக்கும். தாழ்ந்த கிளை இரண்டைக் கழித்து ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மற்றபடி தொட வேண்டாம்.

உங்கள் மச்சான்


ஜூன் 17

பூங்கா மேஸ்திரி அவர்களுக்கு,

"ஒன்றும் செய்யாது."

என்ன தைரியம் இருந்தால் இந்த வார்த்தையை எனக்கு எழுதியிருப்பாய்? உன் அக்கா கழுத்தில் கட்டி என்று உனக்குப் போன் போட்டுக் கேட்டாளே, அன்றைக்கும் இதே இரண்டு வார்த்தைதான். பால் திரிந்தால்கூட உன்னைத்தான் கேட்பாள். தம்பி சொன்னால் வேதம். தம்பி "ஒண்ணும் செய்யாது" என்றான், ஒன்பதாவது மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். இப்போது மரத்துக்கும் அதே வைத்தியமா?

உன்னைக் கேட்டது என் புத்தி. என் தொழில் எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கொண்டேன்.

வாசற்படிப் பக்கத்து மரத்தை முதலில் எடுத்தேன். கம்பி பிரஷ் போட்டு அடியிலிருந்து தோள் வரை தேய்த்தேன். பச்சை போயிற்று, கூடவே பட்டையும் கொஞ்சம் போயிற்று. பால் வடிந்தது. அடித்துக் கழுவ வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். இரண்டு நாள் காயவிட்டேன். நீயே ஈரம் தங்காமல் பார்க்கச் சொல்லியிருந்தாய், இல்லையா? மொட்டைமாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் ஒரு டப்பா மீதி இருந்தது. அதில் இரண்டு கோட் அடித்தேன். முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. வேலையில் குறை சொல்ல முடியாது. இனி ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது.

மதிலோரம் கை நுழையவில்லை, அந்தப் பக்கம் மட்டும் விட்டுப்போயிற்று. கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மரம் மரமா இருக்கு" என்றார்.

அடுத்த மரம் அடுத்த வாரம்.

உன் அக்காவின் கணவன்


ஜூன் 22

அத்தான்,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், கருவிக் கொட்டகையில் உரமூட்டை மேல் உட்கார்ந்து முடித்தேன்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை இரண்டு கோட் அடித்துச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான். ஈரம் தங்காமல் என்றால் வெயில் படட்டும், காற்று வரட்டும் என்று அர்த்தம். மரத்துக்கு மொட்டைமாடி வேலை பார்க்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? மரம் என்ன சுவரா? பட்டை வழியாக அது மூச்சு விடுகிறது, அத்தான். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டு வேலையில் குறை இல்லை என்கிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி, இதைச் செய்யுங்கள். அடி மண்ணில் தண்ணீரைக் குடம் குடமாக விடுங்கள், அந்தப் பவுடர் கரைந்து கீழே போகட்டும். பூச்சைச் சுரண்ட வேண்டாம். தானாகக் கிளம்பி வருகிற இடத்தில் மட்டும் கையால் உரியுங்கள். இரண்டாவது மரத்தின் பக்கமே போகாதீர்கள். கம்பி பிரஷ்ஷை எங்காவது ஒளித்து வையுங்கள், உங்களுக்கே தெரியாத இடத்தில்.

அந்த வார்த்தையைப் பற்றி. எழுதி, உறையை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை பூங்காவில் சொல்கிற வார்த்தை அது. பேனாவுக்கும் பழகிவிட்டது. உங்களுக்கு அதை எழுதியிருக்கக் கூடாது.

நான் ஒரு நாள் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? வாயைத் திறக்க மாட்டேன். குரல் கேட்கக் கூடாது என்பதுதானே உங்கள் நிபந்தனை. ஊமையாக வருகிறேன்.

உங்கள் மச்சான்


ஜூன் 28

நீ வர வேண்டாம்.

தண்ணீர் விட்டேன். உனக்காக இல்லை, கையில் வேறு வேலை இல்லை. முதல் மரம் இலை கொட்டுகிறது. காலையில் கூட்டினால் மத்தியானத்துக்குள் மறுபடி அதே குப்பை. போதாக்குறைக்குக் கணக்கு வாத்தியார், "நோய் முத்திப்போச்சு, நீங்க லேட்டா பண்ணிட்டீங்க" என்கிறார். இத்தனைக்கும் பிரஷ் போடும்போது மதில் மேல் சாய்ந்து நின்று இந்தப் பக்கம் தேய், அந்தப் பக்கம் தேய் என்று சொன்னவர் அவர்தான்.

எனக்கு அலுத்துவிட்டது. மரம் அறுக்கிறவரிடம் பேசிவிட்டேன். ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். இரண்டையும் எடுத்துவிட்டு சிமென்ட் போட்டுவிடப் போகிறேன். சிமென்டில் எது வந்தாலும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த இரண்டு மரம்தான். பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து அதற்குத்தான் ஊற்றுவாள், நான் கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். "தம்பி மரம்" என்பாள். "தம்பி மரம் பூ விட்டிருக்கு பாருங்க." தம்பி மரமும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். ஒன்றும் செய்யாது என்று நீ சொன்னதை நம்பி அவள் ஏழு வாரம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஏழு வாரம் இல்லாவிட்டால் கதை வேறு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் காதால் கேட்டவன் நான்.

இனி எழுதாதே.


ஜூலை 3

அத்தானுக்கு,

எழுதுவேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பதினாறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று சொல்லாத குறையாகப் பேசியபோது நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசினேனா? உங்கள் நிலைமையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசுவார்கள் என்று போய்விட்டேன். என் மனைவிகூட, "உங்களுக்கு ரோஷமே கிடையாதா" என்று கேட்டாள். இருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அக்கா போன் செய்தபோது நான் ஏணி மேல் நின்று கிளை கழித்துக்கொண்டிருந்தேன். "காதுக்குக் கீழ வேர்க்கடலை மாதிரி ஒண்ணு உருளுதுடா, வலியே இல்லை" என்றாள். நான் சொன்னது: "வலி இல்லேன்னா ஒண்ணும் செய்யாதுக்கா." சொன்னேன். மறுக்கவில்லை. மரத்தைப் பார்க்கிறவன் மனுஷிக்குச் சொன்னது தப்பு. அந்தத் தப்பு என்னுடையது, சாகும் வரை என்னோடு இருக்கும்.

ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டிடு. அத்தானைக் கூட்டிட்டுப் போ. தள்ளிப் போடாதே" என்றும் சொன்னேன். நீங்கள் எப்போதும் முதல் பாதியை மட்டுமே சொல்கிறீர்கள். இரண்டாவது பாதியும் இருந்தது.

மரத்தை வெட்டினால் அக்கா திரும்பி வருவாள் என்றால் நானே அரிவாள் கொண்டு வருகிறேன். வர மாட்டாள். இரண்டாவது மரம் உங்களை என்ன செய்தது? அதையாவது விடுங்கள்.

மச்சான்


ஜூலை 4

அத்தான்,

நேற்று எழுதியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டாவது பாதி. அதைச் சொன்னேன் என்றுதான் நினைவு. ஆனால் பதினாறு மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் போன் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது அது உண்மையிலேயே சொன்னதா, சொல்லியிருக்க வேண்டும் என்று நானே பிறகு சேர்த்துக்கொண்டதா, எனக்கே தெரியவில்லை. கீழே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏணி ஆடியது. அவசரமாகப் போனை வைத்தேன். பாதியிலேயே வைத்திருக்கலாம்.

கேட்டவள் ஒருத்திதான், அவளும் இல்லை. சாட்சி இல்லாத பேச்சை உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

மரத்தைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தையும் திரும்ப எடுக்கவில்லை.


ஜூலை 13

மச்சானுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமையிலிருந்து மேசை மேல் கிடக்கின்றன. நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். பட்டி பார்க்காமல் பெயிண்ட் அடிக்கிற மாதிரி வந்தது, கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நேற்றுக் காலை மரம் அறுக்கிறவர் கயிறும் ரம்பமுமாக வந்தார். இலை கொட்டுகிற மரத்தைச் சுற்றி வந்தார். "ஒரு பக்கம்தாங்க பட்டுப்போகுது. மதிலோரம் இலை அப்படியே இருக்கு பாருங்க. அங்க யாரும் கை வைக்கலை போல" என்றார். வைக்க முடியவில்லை, பிரஷ் நுழையவில்லை என்று நான் சொல்லவில்லை. பிறகு இரண்டாவது மரத்துக்குப் போய், "இதுக்கு என்னங்க, நல்லாத்தானே இருக்கு" என்றார். பச்சையைக் காட்டினேன். அவர் நகத்தால் லேசாகச் சுரண்டி ஊதினார். "இது தூசி மாதிரிங்க. இதுக்கா மரத்தை வெட்டறீங்க?"

நானும் தொட்டுப் பார்த்தேன். சுவர்ப் பாசி வழவழ என்று இருக்கும், கையை வழுக்கும். இது வெறும் பொடி. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அடியில் பட்டை முழுசாக இருந்தது. ஒரு மாதமாக அதோடு சண்டை போடுகிறேன், கையை வைத்துப் பார்த்தது நேற்றுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, காபி கொடுத்து அனுப்பினேன்.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

சாட்சி இல்லை என்று எழுதியிருக்கிறாய். சாட்சி நான்.

அன்றைக்குப் பள்ளிக்கூட வேலை நடந்துகொண்டிருந்தது. திறப்பதற்குள் பதினெட்டு வகுப்பறை முடிக்க வேண்டும். நான் வீட்டுப் பின்பக்கக் குழாயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். உன் அக்கா வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "தம்பிகிட்ட கேட்டேன். ஒண்ணும் செய்யாதுங்கறான். ஆனா இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டணுமாம். உங்களைக் கூட்டிட்டுப் போகச் சொன்னான். தள்ளிப் போடக் கூடாதாம்." நீ எழுதியது அப்படியே. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் ஒண்ணும் செய்யாதுன்னுட்டானே. அப்புறம் என்ன அவசரம்? ஸ்கூல் வேலை முடியட்டும், போலாம்" என்றேன். அவளும் சரி என்றாள். அவளுக்கும் ஆஸ்பத்திரி என்றால் பயம். ஸ்கூல் வேலை முடிந்து அடுத்த வேலை வந்தது. அந்த ஏழு வாரம் என்னுடையது. உன்னுடையது இல்லை.

உன்னிடம் கேட்கச் சொன்னதும் நான்தான். முதலில் என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து, "இது என்னன்னு பாருங்க" என்றாள். கையெல்லாம் பெயிண்ட் என்று இழுத்துக்கொண்டேன். "உன் தம்பியைக் கேளு, அவன்தான் எல்லாம் தெரிஞ்சவன்" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன்.

ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உனக்குத் தெரியும். எத்தனையோ பேரை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். பதினாறு மாதமாக நான் செய்தது அதுதான். உன் பேச்சின் முதல் பாதியை எடுத்து என் மேல் பூசிக்கொண்டேன். ஊரெல்லாம் நம்பியது, நானும் நம்பிவிட்டேன். நீ பதில் பேசாமல் நின்றாய் பார், அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. இப்போது நீ சொன்னது உனக்கே சந்தேகமாகிவிட்டது. அவ்வளவு தூரம் தேய்த்திருக்கிறேன் உன்னை.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று மூன்று பேர், இன்று இரண்டு பேர். உன் மனைவியிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். அவள் கதவைச் சாத்தினால் அது நியாயம்.

கம்பி பிரஷ்ஷை ஒளித்து வைக்கவில்லை. முன்கேட் துருப்பிடித்திருக்கிறது, அதற்கு வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்ற ஆரம்பித்திருக்கிறேன். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியவில்லை. கணக்கு வாத்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார், அதனால் அதைத் தவிர வேறு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்.

போன் செய்யாதே. நேரில் வா. ஊமையாக வர வேண்டாம். வந்து, அந்த இரண்டாவது மரத்துப் பக்கத்தில் நின்று, அந்த வார்த்தையை உன் வாயால் சொல். இந்தத் தடவை இரண்டு பாதியையும் கேட்கிறேன்.

அத்தான்